எலி மூளையில் எம்ஏஓ-பி ஆன்டிபாடி: 55 கிலோடால்டன் பக்கம் விழும் பேண்டை நம்பலாமா?

கெலுகோர்_வல்லாரை:

வணக்கம். பினாங்கில் முதுநிலை ஆய்வு மாணவி. ரோட்டெனோன் கொடுத்துப் பார்கின்சன் போன்ற நிலை உண்டாக்கிய ஸ்ப்ரேக்-டாலி எலிகளுக்கு வல்லாரையின் எத்தனால் சாறு கொடுத்து, மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் மோனோஅமீன் ஆக்சிடேஸ்-பி (டோபமின் போன்ற அமீன்களை உடைக்கும் நொதி; இனி எம்ஏஓ-பி) எவ்வளவு இருக்கிறது என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) பார்க்கிறேன். பேண்ட் வருகிறது. எதை நம்புவது என்பதுதான் குழப்பம்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். மூளையை எடுத்ததும் ஸ்ட்ரையேட்டத்தை வெட்டி நைட்ரஜனில் உறைய வைத்தது; பெர்ஃபியூஷன் (இரத்தக் குழாய் வழியே கரைசல் செலுத்தி இரத்தத்தைக் கழுவுவது) செய்யவில்லை. ரிப்பா பஃபரில் (புரதத்தைக் கரைக்கும் டிடர்ஜென்ட் கரைசல்) அரைத்து, 12,000 ஜி-யில் 15 நிமிடம் சுற்றி, மேல்நீரை எடுத்தேன். புரத அளவு பிராட்ஃபோர்டில். லேனுக்கு 30 மைக்ரோகிராம், 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்க வைத்து, 10 சதவீத ஜெல், பிவிடிஎஃப் மெம்பிரேன், 5 சதவீதப் பால். பிரைமரி (புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி), மனித எம்ஏஓ-பி-க்கு எதிராகச் சுண்டெலியில் தயாரித்த மோனோக்ளோனல், 1:1000, குளிர் அறையில் இரவு முழுக்க. செகண்டரி (பிரைமரியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி), ஹெச்ஆர்பி நொதி ஒட்டிய ஆன்டி-மவுஸ், 1:5000.

52 முதல் 55 கிலோடால்டனுக்குள் ஒரு தடித்த பேண்ட். அதற்குச் சற்று மேலே, 60-ஐ ஒட்டி, மங்கலாக இன்னொன்று. பாசிட்டிவ் கன்ட்ரோலாக வைத்த எலிக் கல்லீரலிலும் இரண்டும் வருகின்றன, கீழ் பேண்ட் அங்கே இன்னும் தடிமன். லோடிங் கன்ட்ரோல் (எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏறியதா என்று பார்ப்பது) ஆல்ஃபா டியூபுலின். எல்லாக் குழுக்களிலும் தடித்த பேண்ட் ஒரே அளவு.

எது என் புரதம்? இந்த ஆன்டிபாடி இதன் உறவு நொதியான எம்ஏஓ-ஏ-யையும் பிடிக்குமா? வேறு ஆன்டிபாடி வாங்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 2,000 ரிங்கிட் ஆகும், ஏஜென்ட் ஆறு வாரம் என்கிறார். அதற்கு முன் கையில் இருப்பதை வைத்து என்ன பார்க்கலாம்?

லெம்பா_பந்தாய்:

தங்கச்சி, அந்தத் தடித்த பேண்ட் பெரும்பாலும் எம்ஏஓ-பி ஆக இருக்காது. எலியின் இரத்தத்தில் இருக்கும் சொந்த ஆன்டிபாடியான ஐஜிஜி-யின் கனச் சங்கிலி என்றுதான் படுகிறது. பெர்ஃபியூஷன் செய்யாத மூளையில் இரத்தம் தங்கியிருக்கும், இரத்தத்தோடு ஐஜிஜி-யும். சுண்டெலி ஐஜிஜி-யும் எலி ஐஜிஜி-யும் நெருங்கிய உறவு என்பதால் சாதாரண ஆன்டி-மவுஸ் செகண்டரி எலியுடையதையும் பிடித்துக்கொள்ளும். ரெட்யூஸ் செய்த ஜெல்லில் கனச் சங்கிலி 50–55 கிலோடால்டனில் ஓடும். எலி எம்ஏஓ-பி 520 அமினோ அமிலம், ஏறக்குறைய 59 கிலோடால்டன். கல்லீரலில் இரத்தம் அதிகம், அங்கே கீழ் பேண்ட் தடித்திருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஒரே நாளில் முடிவு தெரிந்துவிடும். அதே லைசேட்டை (அரைத்துக் கரைத்த திசு) இரண்டு பாதியாக ஓட்டி மெம்பிரேனை நடுவில் வெட்டுங்கள். ஒரு பாதிக்கு பிரைமரி, செகண்டரி இரண்டும். மறுபாதிக்கு பிரைமரி இல்லாமல் வெறும் பாலில் அதே நேரம் ஊறவிட்டு, செகண்டரி மட்டும். பக்கத்து லேனில் எலி சீரத்தை 1:100 நீர்த்து 2 மைக்ரோலிட்டர் ஏற்றுங்கள். பிரைமரி இல்லாத பாதியிலும் தடித்த பேண்ட் நின்றால், சீரம் லேனிலும் அதே உயரத்தில் வந்தால், ஐஜிஜி-தான். 25 கிலோடால்டன் பக்கமும் பாருங்கள். லேசான சங்கிலி அங்கே நிற்கும். 40-க்குக் கீழே எக்ஸ்போஷர் எடுக்காமல் விடுவதால்தான் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை.

ஐஜிஜி என்று தெரிந்தால் பிரைமரியைத் தூக்கிப்போட வேண்டாம். எலி சீரத்தில் அட்சார்ப் செய்த (எலி ஐஜிஜி-யைப் பிடிக்கும் பங்கை நீக்கிய) ஆன்டி-மவுஸ் செகண்டரி தனியாகக் கிடைக்கிறது, பிரைமரியை விட விலை குறைவு. வாங்கும்போது எலிக்கு எதிராக அட்சார்ப் செய்தது என்று டேட்டாஷீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மனிதன், மாடு மட்டும் போட்டிருந்தால் உங்களுக்குப் பயனில்லை. அடுத்த தொகுதி எலிகளுக்கு, ஐஸ் குளிர்ச்சியான சலைனில் கல்லீரல் வெளிறும்வரை பெர்ஃபியூஷன் செய்துவிட்டு மூளையை எடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியில் பெர்ஃபியூஷன் எழுதியிருக்காவிட்டால் திருத்தம் கேட்க வேண்டும். அதை இப்போதே அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது மேலே இருக்கும் மங்கல் பேண்ட். 60-ஐ ஒட்டி இருப்பதாலேயே அதை எம்ஏஓ-பி என்று எழுதிவிட முடியாது. எம்ஏஓ-ஏ மனிதனில் 527 அமினோ அமிலம், ஏறக்குறைய 60 கிலோடால்டன். இரண்டின் வரிசையும் சுமார் 70 சதவீதம் ஒன்றேதான். 10 சதவீத ஜெல்லில் இவற்றை உயரத்தால் பிரிக்க வழியில்லை. ஆகவே ஆன்டிபாடி எதை அடையாளம் காண்கிறது என்பதைத் திசுவை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும்.

எலிக் கல்லீரல் இதற்கு உதவாது, அதில் ஏ-யும் உண்டு, பி-யும் உண்டு. எலி இதயத்தைப் போடுங்கள். அதில் பெரும்பகுதி எம்ஏஓ-ஏ. சுண்டெலி இதயம் வேண்டாம், அங்கே நிலைமை தலைகீழ், பி-தான் மிகுதி. பிசி12 செல் வளர்க்கும் ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் ஒரு தட்டு கேளுங்கள். அதுவும் எலியிலிருந்து வந்த செல், அதில் இருப்பது எம்ஏஓ-ஏ. மனிதத் திசுவுக்கு அனுமதி இருக்கிற இடம் என்றால் நஞ்சுக்கொடியில் ஏ, பிளேட்லெட்டில் பி. இவ்வளவு சுத்தமான ஜோடி வேறு கிடைக்காது. மூளை லேனில் பேண்ட் தெளிவாக வந்து, பிசி12-லும் எலி இதயத்திலும் வெறிச்சென்று இருந்தால் உங்கள் ஆன்டிபாடி பி-யைத்தான் பிடிக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். மூன்றிலும் வந்தால் ஏ-யையும் பிடிக்கிறது.

இதைவிட உறுதியான வழி, ஹெக்293 என்ற மனித செல்லில் எலியின் எம்ஏஓ-பி பிளாஸ்மிட், எம்ஏஓ-ஏ பிளாஸ்மிட், வெற்று பிளாஸ்மிட் என்று மூன்று தட்டு போட்டு ஓட்டிப் பார்ப்பது. டேட்டாஷீட்டில் இருக்கும் அழகான ஒற்றைப் பேண்ட் படம் பெரும்பாலும் அளவுக்கு மீறி வெளிப்படுத்திய செல்லில் எடுத்தது. மூளை லைசேட்டில் அந்த ஆன்டிபாடி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது காட்டாது. பிளாக்கிங் பெப்டைடு போட்டதும் பேண்ட் மறைந்தது என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறான புரதத்தில் ஒட்டிய ஆன்டிபாடியும் பெப்டைடு போட்டால் விலகிப்போகும்.

இம்யூனோஜென் (ஆன்டிபாடியை உண்டாக்க விலங்குக்குச் செலுத்திய புரதம் அல்லது அதன் துண்டு) எது என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். பெப்டைடு வரிசை கொடுத்திருந்தால் யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் எலி எம்ஏஓ-பி (பி19643), எலி எம்ஏஓ-ஏ (பி21396) இரண்டோடும் வைத்து ஒப்பிடுங்கள். வரிசை கொடுக்காவிட்டால் ஏஜென்ட் வழியாகக் கேளுங்கள். ‘காப்புரிமை’ என்று பதில் வந்தாலும், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரையுள்ள பகுதி என்றாவது சொல்லச் சொல்லலாம்.

உங்கள் செய்முறையில் வேறு நான்கு இடங்கள் உறுத்துகின்றன.

எம்ஏஓ இரண்டுமே மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில், வால்பக்க ஹீலிக்ஸைச் சவ்வுக்குள் செருகி உட்கார்ந்திருக்கும் புரதம். ரிப்பா போட்டு நன்றாகக் கரைந்த பிறகு 12,000 ஜி-யில் சுற்றுவது சரி. கரையாமல் சுற்றினால் நொதி வண்டலோடு போய்விடும், நீங்கள் மேல்நீரில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்ட்ரையேட்டம் 1 மில்லிகிராமுக்கு 10 மைக்ரோலிட்டர் ரிப்பா, ஐஸில் 30 நிமிடம், நடுநடுவே வோர்ட்டெக்ஸ், பிறகு சுருக்கமாக சோனிகேட். வண்டலையும் ஒருமுறை சாம்பிள் பஃபரில் கரைத்து ஓட்டுங்கள். அதில் 60-இல் தடித்த பேண்ட் இருந்தால் உங்கள் மங்கல் பேண்டுக்குக் காரணம் அதுதான்.

ரிப்பாவில் எஸ்டிஎஸ்-உம் டிஆக்ஸிகோலேட்டும் இருப்பதால் பிராட்ஃபோர்ட் தவறான எண் கொடுக்கும். பிசிஏ என்ற புரத அளவீட்டு முறைக்கு மாறுங்கள், ரெட்யூஸ் செய்யும் டிடிடி-யைச் சேர்ப்பதற்கு முன் அளக்க வேண்டும். சவ்வுப் புரதம் 95 டிகிரியில் கட்டிதட்டி ஜெல்லின் உச்சியிலேயே நின்றுவிடலாம். 70 டிகிரி 10 நிமிடம், 95 டிகிரி 5 நிமிடம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டி எது நன்றாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

டியூபுலின் 50–55-இல் ஓடும். உங்கள் ஐஜிஜி-யும் அங்கேதான், எம்ஏஓ-யும் கூப்பிடு தூரத்தில். விடிஏசி1-க்கு மாறுங்கள்: 32 கிலோடால்டன், அதே வெளிச்சவ்வில் இருப்பது. மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கையே குறைந்துவிட்டதா, எம்ஏஓ-பி மட்டும் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல அது உதவும். ரோட்டெனோன் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் மருந்து என்பதால் உங்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பக்கத்தில் பீட்டா ஆக்டினும் இருக்கட்டும்.

செந்தூல்_குளிர்பெட்டி:

லெம்பா அண்ணன் சொன்னதை முதலில் செய்ங்க. வாங்குற விஷயம், பத்திரப்படுத்துற விஷயம் மட்டும் நான் சொல்றேன்.

முழுக் குப்பிக்கு முன்னாடி 20 மைக்ரோலிட்டர் மாதிரிக் குப்பி இருக்கான்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க. நிறைய கம்பெனி போடுது, ஏஜென்ட் தானா சொல்ல மாட்டாங்க. 1:1000-ல 5 மில்லி கரைசலுக்கு 5 மைக்ரோலிட்டர்தானே, ஸ்ட்ரிப்பா வெட்டி 2 மில்லியில ஊறவிட்டா 20 மைக்ரோலிட்டர்ல பத்துத் தடவை சோதிக்கலாம். எலியில வேலை செய்யும்னு உத்தரவாதம் தர்ற கம்பெனியா பார்த்து வாங்குங்க. ஒத்துவரலைன்னா மாத்தித் தர்றது அந்த உத்தரவாதத்துல இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்கணும். லாட் நம்பரையும் குறிச்சு வைங்க. பாலிக்ளோனல்னா ஒவ்வொரு லாட்டும் வேற ஆட்டோட, வேற முயலோட சீரம். பழைய நீர்ப்பு புது லாட்டுக்கு அப்படியே ஒத்துவராது. ஆய்வு முடியுறவரைக்கும் தேவைப்படுறதை ஒரே லாட்ல எடுத்துடுங்க.

ஆட்டுல தயாரிச்ச பிரைமரி மலிவா கிடைச்சா அவசரப்படாதீங்க. ஆன்டி-கோட் செகண்டரி மாட்டு ஐஜிஜி-யையும் பிடிக்கும். பால்ல மாட்டு ஐஜிஜி இருக்கு, மட்டமான பிஎஸ்ஏ-லயும் இருக்கும். மெம்பிரேன் முழுக்கக் கருப்பாயிடும்.

ஆர்டர் திங்கள், செவ்வாய்ல வந்து இறங்குற மாதிரி கேளுங்க. வெள்ளிக்கிழமை விமான நிலையத்துல மாட்டினா வார இறுதி முழுக்க அங்கேயே கிடக்கும். சீனப் புத்தாண்டு, ஹரி ராயா வாரங்களைத் தவிர்த்துடுங்க. பெட்டி வந்ததும் ஜெல் ஐஸ் கையில தொட்டுப் பாருங்க, முழுக்க உருகி வெதுவெதுப்பா இருந்தா படம் எடுத்து அன்னைக்கே ஏஜென்டுக்கு அனுப்பிடுங்க. ஆன்டிபாடி சில நாள் சூட்டைத் தாங்கும், அதனால கெட்டுப்போச்சுன்னு உடனே முடிவு கட்ட வேண்டியதில்ல. ஆனா பின்னாடி பேண்ட் வரலைன்னா மாத்திக் கேக்க அந்தப் படம் வேணும்.

குப்பியைத் திறக்கறதுக்கு முன்னாடி சின்ன சென்ட்ரிஃபியூஜ்ல ஒரு சுத்து. மூடியில ஒட்டியிருக்கிற ரெண்டு மைக்ரோலிட்டர்கூட இங்க காசு. 50 சதவீத கிளிசரால்ல வந்திருந்தா மைனஸ் 20-ல உறையாது, அப்படியே வெச்சு எடுத்துக்கலாம். கிளிசரால் இல்லைன்னா 10 மைக்ரோலிட்டரா பிரிச்சு உறைய வைங்க, அதுக்குக் குறைவா பிரிச்சா குழாய்ச் சுவர்லயே ஒட்டி அளவு குறைஞ்சிடும். தானா பனி உருக்கற ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது. அது அடிக்கடி சூடேறிக் குளிரும், உறைஞ்சு உருகி உறைஞ்சு ஆன்டிபாடி கட்டிதட்டிடும்.

நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. செய்முறைத் தாள்ல ‘அறை வெப்பநிலை’ன்னு இருந்தா 20–25 டிகிரின்னு அர்த்தம். சாயங்காலம் கட்டடத்து ஏர்கான் நிறுத்தினதும் ஆய்வகம் 30 டிகிரிக்குப் போயிடும். செகண்டரியை அந்தச் சூட்டுல ஒரு மணி நேரம் வெச்சா பின்னணி ஏறும். டிரான்ஸ்ஃபர் டேங்குல ஐஸ் கட்டி பாதி நேரத்துலயே உருகிடும், பஃபர் சூடாகி கரண்ட் ஏறும், ஜெல் வளையும். 100 வோல்ட்ல 80 நிமிஷம்னா டேங்கையே ஐஸ் டப்பாவுக்குள்ள இறக்கி வைங்க, இல்லைன்னா குளிர் அறையில 30 வோல்ட்ல இரவு முழுக்க விட்டுடுங்க.

பிரைமரியைத் திரும்பப் பயன்படுத்த 0.02 சதவீத சோடியம் அசைடு போட்டு 4 டிகிரியில வெச்சுக்கலாம். செகண்டரியில மட்டும் அசைடு படவே கூடாது. ஹெச்ஆர்பி-யை அது கொன்னுடும், மெம்பிரேன் பளிச்சுன்னு வெறுமையா இருக்கும்.

கெலுகோர்_வல்லாரை:

ரொம்ப நன்றி அண்ணா. செகண்டரி மட்டும் போட்ட பாதியிலும் தடித்த பேண்ட் அப்படியே நிற்கிறது, 25-இலும் இருக்கிறது, சீரம் லேனிலும் அதே உயரம். ஐஜிஜி-தான். 60-ஐ ஒட்டிய பேண்ட் அந்தப் பாதியில் இல்லை. மூளை லேனில் இருக்கிறது, பிசி12-இல் இல்லை. எலி இதயம் அடுத்த வாரம்.

அந்த மேல் பேண்டை மட்டும் அளந்தாலும் வல்லாரை கொடுத்த குழுவுக்கும் கொடுக்காத குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வல்லாரை எம்ஏஓ-பி-யைத் தடுக்கும் என்பதுதான் என் கருதுகோள். பேண்ட் குறையவில்லை என்றால் கருதுகோள் தவறா?

நொதிவேகம்:

பேண்டை வைத்து அந்த முடிவுக்கு வரவே முடியாது அம்மா. ஆன்டிபாடி சொல்வது புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை. நொதி வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி.

எம்ஏஓ-பி-யைத் தடுக்கும் மருந்தான செலிஜிலினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எம்ஏஓ-பி-யின் துணைக்காரணியான எஃப்ஏடி-யோடு கோவலன்ட் பிணைப்பில் போய் ஒட்டிக்கொண்டு நொதியை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கிறது. புரதம் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். வெஸ்டர்ன் பிளாட்டில் பேண்ட் மாறாது, செயல்பாடு ஏறக்குறைய பூஜ்யம். புது நொதி உருவானால்தான் செயல்பாடு மீளும். மனித மூளையில் அதற்கான அரை ஆயுள் 40 நாள் அளவு என்று பெட் ஸ்கேன் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். புகைபிடிப்பவர்களின் மூளையில் எம்ஏஓ-பி 40 சதவீதம் குறைவு என்று 1996-இல் வெளிவந்த முடிவும், செலிஜிலின் வகை டிரேசர் நொதியில் ஒட்டுகிறதா என்று பார்த்துக் கண்டதுதான். உங்கள் வல்லாரை மீள்தகு தடுப்பானாக இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். திசுவை அரைத்து நீர்க்கும்போதே அது நொதியை விட்டு விலகிவிடலாம், அப்போது செயல்பாட்டு அளவீட்டிலும் தெரியாது.

ஏ, பி என்ற பிரிவே தடுப்பானை வைத்து வந்ததுதான். 1928-இல் மேரி ஹேர் இந்த நொதியைக் கல்லீரலில் டைரமின் ஆக்சிடேஸ் என்று கண்டார். 1968-இல் ஜான்ஸ்டன் குளோர்ஜிலின் என்ற தடுப்பானைப் போட்டபோது செயல்பாடு இரண்டு படியாக விழுந்தது. சுலபத்தில் விழுந்த பங்குக்கு ஏ, தாக்குப்பிடித்ததற்கு பி என்று பெயர். வரிசையும் ஆன்டிபாடியும் வந்தது அதற்கெல்லாம் பிறகு. அந்தப் பழைய சோதனைதான் இன்றும் உங்கள் ஆன்டிபாடிக்குச் சாட்சி.

செய்யும் விதம்: திசுவை உருக்குவதற்கு முன்பே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்க ஸ்ட்ரையேட்டம் ரிப்பாவுக்கு, மறுபக்கம் செயல்பாட்டுக்கு. எல்லா எலியிலும் ஒரே பக்கத்தை எடுக்காமல் இடது, வலது மாற்றி மாற்றி ஒதுக்குங்கள். ரிப்பாவில் போட்ட திசுவைச் செயல்பாட்டுக்கு எடுக்கக் கூடாது, எஸ்டிஎஸ் நொதியைக் குலைத்துவிடும். இரண்டாவது பங்கை 0.32 மோலார் சுக்ரோஸ், 10 மில்லிமோலார் ஹெபீஸ் பிஎச் 7.4, 1 மில்லிமோலார் இடிடிஏ கரைசலில் டெஃப்லான் அரைப்பானில் அரையுங்கள். 1,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, கருவும் உடையாத செல்லும் உள்ள வண்டலை விட்டுவிட்டு, மேல்நீரை 12,000 ஜி-யில் 15 நிமிடம் சுற்றுங்கள். இம்முறை வேண்டியது வண்டல். அதுதான் கச்சா மைட்டோகாண்ட்ரியா. 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் பிஎச் 7.4-இல் கலக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று குழாய்: ஒன்றில் தடுப்பான் இல்லை, ஒன்றில் குளோர்ஜிலின் 300 நானோமோலார், ஒன்றில் செலிஜிலின் 300 நானோமோலார். 37 டிகிரியில் 30 நிமிடம் முன்னூறல். பிறகுதான் சப்ஸ்ட்ரேட் (நொதி உடைக்கும் பொருள்). குளோர்ஜிலின் போட்ட குழாயில் மிஞ்சுவது பி, செலிஜிலின் போட்டதில் மிஞ்சுவது ஏ. இரண்டையும் கூட்டினால் முதல் குழாயின் அளவுக்கு நெருக்கமாக வர வேண்டும். வரவில்லை என்றால் தடுப்பானின் செறிவு சரியில்லை, அல்லது ஊறிய நேரம் போதவில்லை.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள், மூலிகை ஆய்வுகள் சறுக்கும் இடம் இது. எல்லோரும் எடுப்பது ஆம்ப்ளெக்ஸ் ரெட். எம்ஏஓ சப்ஸ்ட்ரேட்டை உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், ஹெச்ஆர்பி அதை வைத்து ஆம்ப்ளெக்ஸ் ரெட்டை ஒளிரும் ரெசோருஃபினாக மாற்றும். வல்லாரைச் சாற்றில் பாலிஃபீனால் இருக்கிறது. அது பெராக்சைடையும் விழுங்கும், ஹெச்ஆர்பி-க்கும் போட்டியாக நிற்கும். எம்ஏஓ-வைத் தொடாமலே ஒளி குறையும். ‘80 சதவீதத் தடை’ என்று எழுதிவிடத் தோன்றும். நொதியே இல்லாத குழாயில் 5 மைக்ரோமோலார் பெராக்சைடு, ஹெச்ஆர்பி, ஆம்ப்ளெக்ஸ் ரெட், உங்கள் சாறு போட்டுப் பாருங்கள். அங்கேயும் ஒளி குறைந்தால் இந்த முறை உங்கள் சாற்றுக்கு ஆகாது.

அப்போது கைனுராமின் என்ற சப்ஸ்ட்ரேட்டுக்குப் போங்கள். 50 மைக்ரோமோலார் கைனுராமின், 37 டிகிரி, 20 முதல் 30 நிமிடம், 2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி நிறுத்தி, உருவான 4-ஹைட்ராக்சிகுவினோலினை 310 நானோமீட்டரில் தூண்டி 380-இல் படிக்க வேண்டும். பெராக்சைடும் இல்லை, ஹெச்ஆர்பி-யும் இல்லை. சாறு புற ஊதாவை உறிஞ்சுவதால் கொஞ்சம் மறைக்கும். அதைத் திருத்த, தெரிந்த அளவு 4-ஹைட்ராக்சிகுவினோலினைச் சாற்றோடும் சாறில்லாமலும் படித்து விகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். கைனுராமினை ஏ, பி இரண்டுமே உடைக்கும், ஆகவே குளோர்ஜிலின் குழாய் இங்கேயும் கட்டாயம்.

ரோட்டெனோன் எடுத்தது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. பார்கின்சன் நிலை உண்டாக்க எடுக்கும் இன்னொரு பொருளான எம்பிடிபி என்றால், அதை நஞ்சான எம்பிபி-ப்ளஸ் ஆக மாற்றுவதே எம்ஏஓ-பி-தான். சாறு நரம்பைக் காப்பாற்றியதா, நஞ்சு உருவாவதைத் தடுத்ததா என்று பிரிக்க முடியாமல் போயிருக்கும்.

திசுவெட்டி:

வெஸ்டர்னில் வித்தியாசம் இல்லை என்று முடிப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். மூளையில் எம்ஏஓ-பி பெரும்பகுதி ஆஸ்ட்ரோசைட்டில் (நரம்புகளுக்குத் துணை நிற்கும் செல்) இருக்கிறது. ரோட்டெனோன் கொடுத்தால் ஆஸ்ட்ரோசைட் தூண்டப்பட்டுப் பெருகும், எம்ஏஓ-பி-யும் கூடவே ஏறும். சாறு வீக்கத்தைத் தணித்து ஆஸ்ட்ரோசைட்டைக் குறைத்தால் எம்ஏஓ-பி-யும் இறங்கும். செல் குறைந்ததா, செல்லுக்குள் நொதி குறைந்ததா என்பதை லைசேட் சொல்லாது. அதே சாம்பிளில் ஆஸ்ட்ரோசைட்டின் அடையாளப் புரதமான ஜிஎஃப்ஏபி-யையும் (50 கிலோடால்டன்) ஓட்டி விகிதம் பாருங்கள், பிறகு வெட்டுத்துண்டில் இரண்டையும் சேர்த்துச் சாயமிடுங்கள். எலிகளின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டும். வயது ஏற ஏற மூளையில் எம்ஏஓ-பி ஏறும்.

வெஸ்டர்னில் வேலை செய்த ஆன்டிபாடி வெட்டுத்துண்டில் வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். எஸ்டிஎஸ் அவிழ்த்த புரதமும், பாராஃபார்மால்டிஹைடு கட்டிப்போட்ட புரதமும் ஆன்டிபாடிக்கு வேறு வேறு முகம். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பெர்ஃபியூஷன், அதே கரைசலில் இரவு முழுக்க, பிறகு 30 சதவீத சுக்ரோஸில் மூளை அடியில் மூழ்கும்வரை. 40 மைக்ரான் மிதவைத் துண்டுகள். 10 மில்லிமோலார் சிட்ரேட் பிஎச் 6.0-இல் 80 டிகிரி 30 நிமிடம். மிதவைத் துண்டை 95-க்குக் கொண்டுபோனால் கந்தலாகிவிடும். ஸ்ட்ரையேட்டத்தில் சிக்னல் வரவில்லை என்றால் டிரிஸ்-இடிடிஏ பிஎச் 9.0-ஐயும் முயலுங்கள். 0.3 சதவீத டிரைட்டான், 5 சதவீத நார்மல் சீரம் ஒரு மணி நேரம், பிரைமரி 1:200 தொடங்கி 1:1000 வரை, 4 டிகிரியில் 48 மணி நேரம். சீரம் செகண்டரி எந்த விலங்கோ அந்த விலங்கினுடையதாக இருக்க வேண்டும்.

ஆன்டிபாடி சரியா என்று ஸ்ட்ரையேட்டத்தில் பார்க்காதீர்கள், அங்கே சாயம் பஞ்சுபோலப் பரவித்தான் தெரியும், எதையும் முடிவு செய்ய முடியாது. அதே மூளையின் தண்டுப்பகுதியிலிருந்து சில துண்டுகள் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்சல் ரஃபேயின் செரட்டோனின் நரம்புகள் எம்ஏஓ-பி-க்குப் பளிச்சென்று வர வேண்டும். லோக்கஸ் செருலியஸின் நார்அட்ரினலின் நரம்புகளில் எம்ஏஓ-ஏ-தான் மிகுதி, அங்கே நரம்புச் செல் உடல்கள் வெளிறி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே அடர்த்தியில் சாயம் பிடித்தால் ஆன்டிபாடி ஏ, பி பிரிக்கவில்லை. பெருக்கி எடுத்த படத்தில் சாயம் சைட்டோபிளாசத்தில் பொடிப்பொடியாக, மைட்டோகாண்ட்ரியா வடிவத்தில் தெரிய வேண்டும். கரு இருண்டிருந்தால் அது வேறு எதையோ பிடிக்கிறது.

ஐஜிஜி தொல்லை இங்கேயும் தொடரும். சுண்டெலி பிரைமரி, எலித் திசு என்றால் இங்கேயும் அட்சார்ப் செய்த செகண்டரிதான். இல்லாவிட்டால் இரத்தக் குழாய்ச் சுவர் முழுக்க ஒளிரும், ஆஸ்ட்ரோசைட்டின் பாதமும் அந்தக் குழாயை ஒட்டியே இருப்பதால் அதை எம்ஏஓ-பி என்று நம்பிவிடுவீர்கள். வயதான எலியில் செல்லுக்குள் சேரும் லிப்போஃபஸ்சின் என்ற நிறமி எல்லா அலைநீளத்திலும் மினுக்கும். எந்த ஆன்டிபாடியும் போடாத ஒரு துண்டை அதே எக்ஸ்போஷரில் படமெடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

மீன்தொட்டி_பிரிக்ஃபீல்ட்ஸ்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வரிக்குதிரை மீன் வைத்திருக்கிறேன். இதே மனித எம்ஏஓ-பி ஆன்டிபாடி மீனில் வேலை செய்யுமா?

நொதிவேகம்:

வரிக்குதிரை மீனில் ஏ, பி என்று இரண்டு கிடையாது, ஒரே ஒரு எம்ஏஓ மரபணுதான். அந்தப் புரதம் மனித ஏ-யோடும் பி-யோடும் ஏறக்குறைய சமமாக, 70 சதவீதம் ஒத்திருக்கும். எபிடோப் (ஆன்டிபாடி ஒட்டும் இடம்) அந்த ஒத்த பகுதியில் விழுந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் இல்லை. பிடித்தாலும் கட்டுரையில் ‘எம்ஏஓ-பி’ என்று எழுதக் கூடாது, ‘எம்ஏஓ’ என்று மட்டும் எழுதுங்கள். மீனில் செயல்பாட்டு அளவீடுதான் நம்பகம்.

லெம்பா_பந்தாய்:

பிசி12-இல் பேண்ட் இல்லை என்பது நல்ல செய்தி தங்கச்சி. அதே மெம்பிரேனில் எம்ஏஓ-ஏ ஆன்டிபாடி போட்டால் பிசி12 லேனில் பேண்ட் வர வேண்டும். அதையும் காட்டினால்தான் அந்த லேனில் புரதம் ஒழுங்காக ஏறியிருக்கிறது, மெம்பிரேனுக்கும் மாறியிருக்கிறது என்று ஆய்வு நடுவர் ஏற்றுக்கொள்வார். முதலில் பி ஆன்டிபாடி, படம் எடுத்த பிறகு ஸ்ட்ரிப் செய்து ஏ. ஸ்ட்ரிப் சரியாக நடந்ததா என்று செகண்டரி மட்டும் போட்டு ஒருமுறை ஈசிஎல் (ஹெச்ஆர்பி-யால் ஒளிரும் கரைசல்) பார்த்துவிட்டுத் தொடருங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே உயரம்.

அளப்பதற்கு முன் ஒரே மூளை லைசேட்டை 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று ஓட்டி ஒரு நேர்கோடு வாங்குங்கள். 20-க்கும் 40-க்கும் பேண்ட் ஒரே அடர்த்தி என்றால் ஈசிஎல் நிறைவடைந்துவிட்டது, 30-இல் குழுக்களுக்கிடையே வித்தியாசமே தெரியாமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். விடிஏசி1 வலிமையான சிக்னல், அது எம்ஏஓ-பி-யை விட வெகு சீக்கிரம் நிறைவடையும்; அதற்குத் தனியாக நேர்கோடு எடுங்கள், எக்ஸ்போஷரும் தனி.

மெம்பிரேனை 45 கிலோடால்டனில் குறுக்கே வெட்டி மேல்பாதிக்கு எம்ஏஓ-பி, கீழ்பாதிக்கு விடிஏசி1 போடலாம். வெட்டுவதற்கு முன் லேடரோடு முழு மெம்பிரேனையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாத படத்தை இதழ்கள் இப்போது கேட்கின்றன, பிறகு எடுக்க வழியில்லை. அட்சார்ப் செய்த செகண்டரி வந்ததும் பழைய லைசேட்டையே பிசிஏ-யில் மறுபடி அளந்து ஓட்டுங்கள். மைனஸ் 80-இல் இருந்ததென்றால் வெஸ்டர்னுக்குத் தாங்கும். செயல்பாட்டுக்கு மட்டும் புதுத் திசு வேண்டும்.